டைம் ஆபீஸ் எண்

அவர் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குரலை மட்டும் நான்கு முறை கேட்டிருந்தேன், நான்கும் ஒரே நாளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். அதனால் கல்யாண மண்டபத்தில் என் மேசைக்கு எதிரே நின்று அவர் வாயைத் திறக்கும்வரை, வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு வந்த இன்னொரு மனிதராகத்தான் அவர் எனக்குத் தெரிந்தார். நரைத்த மீசை, முழங்கால்வரை சேறு அப்பிய பேண்ட், சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பட்டன் போன்.

“ஏம்மா, ஒரு மெயில் அனுப்பணும். அர்ஜென்ட்.”

அந்த “ஏம்மா” போதுமானதாக இருந்தது.

நான் சத்துவாச்சாரியில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அது போக, பேரிடர் நடந்த இடங்களுக்குத் தகவல் தொடர்பைக் கொண்டுபோகும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவிலும் இருக்கிறேன். சோறும் போர்வையும் கொண்டுபோக நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் கொண்டுபோவது வேறு: செயற்கைக்கோளோடு பேசும் ஒரு தட்டு, ஒரு ரௌட்டர், இரண்டு பெரிய பேட்டரிகள், எட்டுப் பழைய ஸ்மார்ட்போன்கள், ஒரு வெள்ளைப் பலகை, மார்க்கர். இதில் எதை மறந்தாலும் மார்க்கரை மறக்கக் கூடாது. வரிசை இல்லாத இடத்துக்கு இணையம் போனால் முதலில் வருவது அடிதடி.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எப்போதாவது வருகிற தண்ணீர், அதனால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பி ஓடினார்கள். பாலத்தின் ஓரமாகப் போன கேபிள் அறுந்தது. கரண்ட் போய் ஒரே ராத்திரியில் செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில கோபுரங்கள் விட்டுவிட்டு வேலை செய்தன. இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

நானும் குழுவில் என் கூட்டாளியும் ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை மேட்டில் இருந்த அந்த மண்டபத்துக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். கூட்டாளி வாலாஜாபேட்டைக்காரி, பேட்டரியும் வயரும் அவள் பொறுப்பு, பலகையும் வரிசையும் என் பொறுப்பு. மண்டபத்தில் ஒரு ஷூ கம்பெனியின் பெண்கள் இருந்தார்கள், ஏறக்குறைய இருநூறு பேர். வேலை நேரத்தில் கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்ததால் பின்பக்கச் சுவரை உடைத்து, பஸ்ஸில் ஏற்றி, இங்கே இறக்கியிருந்தார்கள்.

தட்டு இணைப்பைப் பிடித்ததும் பலகையில் விதிகளை எழுதினேன்.

ஒன்று, ஒருவருக்கு இரண்டு நிமிடம். இரண்டு, நோயாளி, கர்ப்பிணி, பிள்ளையைப் பிரிந்தவர் முதலில். மூன்று, வீடியோ கிடையாது. நான்கு, டோக்கன் இல்லாமல் வரிசை இல்லை. ஐந்து, தொழில் சம்பந்தமான செய்தி எல்லாவற்றுக்கும் கடைசியில்.

முதல் டோக்கன் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்குப் போனது. முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. ஒன்பது வயது மகளுக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் காலையில் மாத்திரை கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வேலைக்கு வந்திருந்தார். வீடு ஆற்றங்கரையில், அந்தப் பக்கம்.

“நம்பர் சொல்லுங்கக்கா,” என்றேன்.

அவர் என் கையிலிருந்த போனையே பார்த்தார். “வீட்டுக்காரர் நம்பரா? தொண்ணூத்தி நாலுன்னு ஆரம்பிக்கும். அதுல சேவ் பண்ணி வச்சிருக்கேம்மா.”

“அது” எங்கே என்று கேட்டபோது வரிசையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். கம்பெனி கேட்டில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. உள்ளே போகும்போது போனை அதில் வைத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். மாலையில் டோக்கனைக் கொடுத்துப் போனை எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். கேட் பள்ளத்தில் இருந்தது. தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறியது. இருநூறு போனும் இப்போது சேற்றுத் தண்ணீருக்குள், பூட்டிய அலமாரியில். கையில் இணையம் இருந்தது, போன் இருந்தது, அழைப்பதற்கு யாருடைய எண்ணும் யாருக்கும் தெரியவில்லை.

இல்லை, ஓர் எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்னால் அச்சடித்திருந்த, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸின் எண். வீட்டில் அவசரம் என்றால் அதற்குத்தான் போட வேண்டும். சமையலறைச் சுவரில் கரியால் எழுதியிருப்பதாக ஒருவர் சொன்னார், பிள்ளையின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்று இன்னொருவர்.

“எங்க வீட்ல இந்நேரம் அதுக்குத்தான் போட்டுக்கினு இருப்பாங்க. யார் எடுக்கறது?” என்றார் முதல் டோக்கன் அக்கா.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அதே கம்பெனிதான். பதினைந்து வயதிலிருந்து எனக்கு அது மனப்பாடம்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மெயில் அனுப்ப வந்து நின்றார். ஷிப்மென்ட் தாமதமாகும் என்று வெளிநாட்டுக்குச் சொல்ல வேண்டுமாம். பலகையில் ஐந்தாம் விதியைக் காட்டி, அவரிடம் கடைசி டோக்கனை, நூற்று எண்பத்தேழை, எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கோணவில்லை. கவனித்துப் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மா அந்தக் கம்பெனியில் ஒட்டுப் பிரிவின் லைனில், ஷூக்கள் வரிசையாக நகர்ந்து வரும் இடத்தில், இருந்தாள். அப்பா தோல் ஷெட்டில் சுமை ஏற்றுபவர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக நான் வீட்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வாயு பிடித்துவிட்டது என்று அப்பா வேலைக்குப் போகாமல் சோடா வாங்கிவரச் சொன்னார். சோடாவோடு நான் திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மாவின் போனை வாங்கி டைம் ஆபீஸுக்குப் போட்டேன்.

முதல் அழைப்பு, பதினொன்று பத்து. “ஏம்மா, லைன்ல இருக்காங்க. டீ டைம்ல போடு.”

இரண்டாவது, பதினொன்று இருபத்தைந்து. அப்பாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது என்றேன். “டோக்கன் நம்பர் இன்னா? நம்பர் தெரியாம எண்ணூறு பேர்ல யாரைத் தேடறது?”

மூன்றாவது, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து, அம்மாவின் டோக்கன் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னேன். “எழுதிக்கிட்டேன், சொல்றேன்.”

நான்காவது, ஆட்டோவில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. “எத்தினி வாட்டிம்மா போடுவே? இங்க வேலை நடக்க வேணாமா?”

அப்பா ஒரு மணிக்குச் செத்துப்போனார். அம்மா ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெருமுனையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனவள் டைம் ஆபீஸில் கேட்டிருக்கிறாள், என் பெண் போட்டாளாமே சார் என்று. வந்த போன்களைக் குறித்துவைக்கும் நோட்டை அவர் திருப்பிக் காட்டியிருக்கிறார். அன்றைய பக்கத்தில் ஒன்றும் இல்லை. பயத்தில் பிள்ளைகள் போட்டேன் என்றுதான் சொல்லும், விடும்மா என்றும் சொல்லியிருக்கிறார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் சொந்தக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலும், “ஒரு போன் வந்திருந்தா கடைசியா முகத்தைப் பார்த்திருப்பேன். பாவம், சின்னப் பொண்ணு, பயந்துட்டா,” என்பாள். எனக்காகப் பரிந்து பேசுவதாக அவள் நினைப்பு. பன்னிரண்டு வருடம் அப்படி அவள் எனக்காகப் பரிந்து பேசினாள்.

இதனால்தான் தகவல் தொடர்பு படித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் கலந்தாய்வில் என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பிரிவு அது. ஆனால் படித்து முடித்த நாளிலிருந்து அந்தக் குரலை என்ன செய்யலாம் என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் பெரும்பாலானவை செய்ய முடியாதவை. இப்போது குரல் நூற்று எண்பத்தேழாம் டோக்கனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் சட்டைப் பையில் அந்த பட்டன் போன் இருந்தது.

“சார், அதுல இருக்கறது டைம் ஆபீஸ் சிம்மா?” என்று கேட்டேன்.

ஆமாம், ஆனால் டவர் இல்லையே என்றார். சிம்மைக் கழற்றி எங்கள் ஸ்மார்ட்போன் ஒன்றில் போட்டால், கோபுரம் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாக அதே எண்ணுக்கு அழைப்பு வரும் என்று விளக்கினேன். அந்த எண்ணுக்கு நேற்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை வீடுகளும் இந்த மேசைக்கு வந்து சேரும்.

அவர் யோசித்தார். கம்பெனி சிம், பர்மிஷன் இல்லாமல் கொடுக்க முடியாது என்றார்.

“பர்மிஷன் கேட்டு மெயில் போடுங்க. உங்க டோக்கன் நூத்தி எண்பத்தேழு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். இருநூறு பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்.

சிம்மைப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. அன்று முழுக்க அது ஓயவில்லை. எடுத்துப் பேசும் வேலையை அவருக்கே கொடுத்தேன். உங்களுக்குத்தான் எல்லோரையும் தெரியும் சார் என்றேன். அழைப்பு வந்தால் பெயரைக் கேட்டு, ஆளைத் தேடி, கூட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கள் மேசை நடுத்தளத்தில்; பெண்களில் பாதிப் பேர் கீழே சாப்பாட்டுக் கூடத்தில், மீதிப் பேர் மேல் மாடி அறைகளில். ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் படி இறங்க வேண்டும், அல்லது ஏற வேண்டும்.

மண்டபத்தில் மைக் இருந்தது. அதை இன்வர்ட்டரில் போட்டால் பேட்டரி போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். அது பொய். வாலாஜாபேட்டைக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மைக் இழுக்கும் கரண்ட் எவ்வளவு கம்மி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வயரைச் சுற்றி வைத்தாள்.

அவர் படியேறியதை ஒவ்வொரு கோடாக என் நோட்டில் போட்டேன். பதினைந்தாவது முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பெண்களுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. சார் நம்மைத் தேடி வருகிறார் பாருடி என்று மாடியிலிருந்து குரல் வரும். ஒருத்தி வேண்டுமென்றே தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனதும், “டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்புடுங்க சார், பேரெல்லாம் எங்களுக்கே மறந்துபோச்சு,” என்றாள். அவரும் சிரிக்க முயன்றார். மத்தியானம் அவருக்கு யாரோ சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாய் எடுப்பதற்குள் போன் அடித்தது. டீ டைம் இல்லையா சார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று மிகவும் ஆசையாக இருந்தது.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு கோடும் எனக்கு இனித்தது.

முதல் டோக்கன் அக்கா மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் அவர் முதுகு நிமிரும். வேறு யாருடைய பெயரோ வரும், முதுகு தளரும். மகளுக்கு டைம் ஆபீஸ் எண் தெரியுமா என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். தண்ணீர் கதவுவரை வந்திருந்தால் அழிந்திருக்கும் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

நாலு மணி இருக்கும். என் நோட்டில் அறுபத்து மூன்று கோடுகள். அவர் அப்போதுதான் படியிறங்கி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார், கண் சொருகிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்தார்.

“ஏம்மா, லைன்ல இருக்காங்க. டீ டைம்ல போடு,” என்றார். வைத்துவிட்டார்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு போனைப் பாம்பைப் போலத் தள்ளி வைத்தார்.

“யார் சார் பேசினது?”

“சின்னப் பொண்ணு குரல்மா. இந்தம்மா பேரைச் சொல்லி, அம்மா வேணும்னுச்சு.”

முதல் டோக்கன் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கேட்டதை நம்பாதவர்போல எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. வெற்றி மாதிரி ஒன்று: இதோ, எல்லோர் முன்னாலும், அதே வார்த்தை. நான் நாலு முறை கேட்டதை இப்போது இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். அடுத்த நொடிதான் அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. இதை நான் எங்கேயும் சொன்னதில்லை.

பதிவில் இருந்த எண்ணுக்குத் திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன், அதே பதில். மூன்றாம் முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

“சார், அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றேன்.

“இன்னான்னும்மா சொல்றது...”

“நடந்ததை. போன் வந்துச்சு, நான் கூப்பிடலன்னு.”

அவர் எழுந்து நின்று சொன்னார். அந்த அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. “உயிரோட பேசுச்சு இல்ல?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார் அவர். “இருமிச்சா சார்?” அவருக்குத் தெரியவில்லை.

அறுபத்து மூன்று முறை படியேறிய மனிதரின் வாயில் பழக்கம் பேசிவிட்டது. மைக்கைக் கொடுத்திருந்தால் அவர் விழித்திருந்திருப்பார். நோட்டில் கோடுகளுக்குக் கீழே அதையும் எழுதினேன்: மைக், என் தவறு. எழுதிவிட்டு மைக்கைப் போடச் சொன்னேன். வாலாஜாபேட்டைக்காரி, “இப்ப பேட்டரி போவாதா?” என்று கேட்டபடி வயரைப் பிரித்தாள்.

இடையில் வேறு வீடுகளின் அழைப்புகளும் வந்துகொண்டிருந்தன. அவற்றை முடித்து முடித்து அந்த எண்ணுக்குப் போட்டோம். நாற்பது நிமிடம் கழித்து ஓர் ஆண் எடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியின் மாடியில் இருந்தார்கள். கரையோர வீடுகளில் இருந்தவர்களை முந்தின நாளே அங்கே ஏற்றிவிட்டார்களாம். தன் போனைத்தான் அந்தப் பாப்பா வாங்கிப் பேசியது என்றார். சாக்பீஸ் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. போனை அவளிடம் கொடுத்தார்.

அம்மாவின் குரலைக் கேட்டதும் அந்தக் குழந்தை அழவில்லை. ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஏம்மா இப்பவே பேசற? டீ டைம்ல போடச் சொன்னாங்க. அதான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

இரண்டு நிமிட விதியை அந்த அழைப்புக்கு நான் பார்க்கவில்லை. அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்ததா என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை.

ஆறு மணிக்கு முன் வரிசை தீர்ந்தது. நூற்று எண்பத்தேழு என்று கூப்பிட்டேன். தாளில் எழுதி வைத்திருந்த மெயிலோடு வந்தார். அதை வாங்கி மேசையில் வைத்தேன். உங்களுக்கு முன்னால் ஓர் அழைப்பு பாக்கி இருக்கிறது என்று சொல்லி, என் பெயரையும் அம்மாவின் பெயரையும் நானூற்றுப் பன்னிரண்டையும் சொன்னேன். பிறகு நான்கு அழைப்புகளையும் நேரத்தோடு, அவர் சொன்ன பதிலோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒன்றும் நினைவில்லை. அதுதான் என்னை அன்று மிகவும் காயப்படுத்தியது. என் பட்டியலில் அவர் மறுப்பார், கெஞ்சுவார், கோபப்படுவார் என்றெல்லாம் இருந்தது. மறந்திருப்பார் என்பது இல்லை.

“ஒரு நாளைக்கு எத்தினியோ போன் வரும்மா. லைன் நின்னா மேல என்னைத்தான் கேப்பாங்க. நான் இன்னா பண்ண முடியும்?”

இருக்கலாம். ஆனால் மேலே இருந்தவர்களின் குரல் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த குரல் இவருடையது.

சத்துவாச்சாரியில் இருந்த அம்மாவுக்குப் போட்டேன். யார் பேசப்போகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். “ரெண்டு நிமிஷம், சார்.”

அவர் “ஏம்மா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு, “அன்னிக்கி உம் பொண்ணு போட்டுச்சும்மா. நான்தான் உன்னைக் கூப்பிடல. நோட்லயும் எழுதல,” என்றார். நினைவிலிருந்து சொல்லவில்லை. காலையிலிருந்து தன்னைத் தானே பார்த்ததிலிருந்து சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அது போதும்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“எத்தினி வாட்டி போட்டா?” என்று அம்மா கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நான்கு விரல்களைக் காட்டினேன்.

“நாலு வாட்டிம்மா.”

அம்மா வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை.

அவர் மெயில் தாளைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். பேட்டரியில் பதினொரு சதவீதம் இருந்தது. ஒரு மெயிலுக்கு அது தாராளம். தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

“காலைல டீ டைம்ல வாங்க, சார்.”

காலையில் வந்தார், அனுப்பிக் கொடுத்தேன். அவரை நான் மன்னித்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரும் கேட்கவில்லை. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் வீடு திரும்பிய அன்று வழக்கம்போலத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, பேச்சுவாக்கில் அப்பாவின் கதையை எடுத்தாள். பாவம், அன்னிக்கி ஒரு போன் போட்டிருந்தா, என்று ஆரம்பித்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

“நாலு வாட்டி போட்டா,” என்றாள் அம்மா, ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே.